‘கொஞ்சம்’ என்பது எவ்வளவு?



தையற்கடைப் படியை ஒரு முறையேனும் மிதியாதவர் நம்மில் இருக்க மாட்டார். பள்ளிச் சீருடைக்காகவோ, தீபாவளிக்காகவோ, தமக்கையின் திருமணத்திற்காகவோ நீங்கள் அங்கே நின்றிருப்பீர்கள். அளவு நாடா கழுத்தைச் சுற்றித் தோளைத் தொட்டு இடுப்புக்கு இறங்கும். சில எண்களைப் பழைய நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். இரண்டு வாரம் கழித்துச் சட்டை கிடைக்கும். அந்த எண்களுக்கும் அந்தச் சட்டைக்கும் நடுவே நிகழ்வது என்ன என்பதைப் பற்றியே இன்று பேச நினைக்கிறேன். இப்போது அந்த நடுவழியில் கணிப்பொறியும் வந்து அமர்ந்திருக்கிறது. அது எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை, கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிறு தையற்கடையை நடத்தி வருகிறவள் என்ற முறையில் சொல்லுகிறேன்.

தையல் பழமையான தொழில். சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞரை வரிசைப்படுத்தும்போது துன்னகாரரையும் மறவாமல் சேர்த்துக்கொள்கிறது. துணி தைப்பவர் வேறு, தோல் தைப்பவர் வேறு என்று பிரித்தும் காட்டுகிறது. ஆனால் அளந்து, தாளில் வரைந்து, அதன் பின்னர் வெட்டும் முறை மிகவும் பிற்காலத்தது. அளவு நாடா பரவுவதற்கு முன் ஐரோப்பியத் தையற்காரர் ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு நீண்ட காகிதப் பட்டை வைத்திருப்பர். மார்பு இதுவரை, கை இதுவரை என்று அதன் ஓரத்தில் வெட்டுக்குறி இடுவர். அதில் எண் கிடையாது; பட்டைதான் ஆள். 1863-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபினேசர் பட்டரிக் என்ற தையற்காரர், ஒரே உடைக்குப் பல அளவுகளில் காகித மாதிரிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். தையற்காரரின் தலைக்குள் இருந்த வெட்டு, அன்று காகிதத்தில் இறங்கிக் கடையில் விலைக்கு வந்தது. இன்று நாம் கணிப்பொறியில் செய்வது அதன் அடுத்த படி என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் தந்தையார் காகிதத்துக்கும் வராதவர். ரவிக்கைத் துணியை மேசைமேல் விரித்து, சாக்குக்கட்டியால் நான்கைந்து கோடு இழுத்து, கத்தரியை ஓட்டிவிடுவார். நாற்பது ஆண்டு அவ்வாறே வெட்டினார். பிற்காலத்தில் அவருக்குக் கைந்நடுக்கம் வந்தது. கோடு கோணிற்று. “இனி நீ வெட்டம்மா, நான் சொல்லுகிறேன்” என்றார். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு வெட்டத் தெரியுமே அன்றிச் சொல்லத் தெரியாது என்று.

“மார்பில் காற்பங்கு எடுத்துக்கொள். அதோடு ஒரு விரற்கடை” என்பார். சரி, 36 அங்குல மார்புக்குக் காற்பங்கு 9 அங்குலம். விரற்கடை யாருடையது? அவருடைய விரல் தடித்தது. என் விரல் மெலிந்தது. இரண்டுக்கும் ஏறக்குறைய கால் அங்குலம் வேறுபாடு. உடலை நான்கு பகுதியாக வைத்து வெட்டுகிறோம். ஆகவே சுற்றளவில் அது ஓர் அங்குலம் ஆகிவிடும்! “கைக்குழியை முன்புறம் கொஞ்சம் குடை” என்பார். “கொஞ்சம் என்றால் எவ்வளவு அப்பா?” என்பேன். “கொஞ்சம் என்றால் கொஞ்சந்தான்” என்பார்.

இந்தச் சமயத்தில்தான் நான் கணிப்பொறியில் வரையக் கற்றேன். வேலன்டினா, சீம்லி 2டி என்று ஒரே வேரில் கிளைத்த இரண்டு மென்பொருள்கள் உள்ளன; இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. அவற்றில் அளவுகள் ஒரு கோப்பிலும், வரைபடம் மற்றொரு கோப்பிலும் இருக்கும். வரைபடத்தில் நீங்கள் 9 அங்குலம் என்று எழுத வேண்டுவதில்லை. ‘மார்புச் சுற்றை நான்கால் வகு, இவ்வளவு தளர்வைக் கூட்டு’ என்று எழுதலாம். பிறகு அளவுக் கோப்பில் 36 என்பதை 38 ஆக்கினால் முன்பாகமும் பின்பாகமும் தாமே விரியும். அல்ஜிப்ராவில் எண்ணுக்குப் பதிலாக எழுத்தை வைத்துக் கணக்கிடுகிறீர்களே, அதே வித்தைதான். பள்ளியில் அது எதற்கு என்று நானும் கேட்டவள். விடை கிடைக்க இருபது ஆண்டு ஆயிற்று.

இந்த வரைபடத்தில் இரண்டு இடங்கள் மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். ஒன்று, டாட் என்று கடையில் வழங்கும் பிடிப்பு. துணி தட்டையானது, உடல் வளைந்தது. ஒரு தாளை எடுத்துப் பந்தின்மேல் சுருக்கம் இல்லாமல் ஒட்டிப் பாருங்கள், முடியாது. கவுஸ் என்னும் ஜெர்மானியக் கணித மேதை 1827-ஆம் ஆண்டு வளைபரப்புகளைப் பற்றி எழுதிய ஆய்விலிருந்து இதற்குக் காரணம் பெறலாம். துணி தாளைப்போல் விறைப்பன்று. மூலைவாட்டில் இழுத்தால் சற்று இளகும். என்றாலும் மார்பின் புடைப்புக்கு அந்த இளக்கம் போதாது. ஆகவே மிகுந்து நிற்கும் துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைக்கிறோம். வியப்பு என்னவென்றால், அந்த ஆப்பின் முனை மார்பின் உச்சியை நோக்கியிருக்கும் வரையில், அதை இடுப்பிலிருந்தும் பிடிக்கலாம், கைக்குழியிலிருந்தும் பிடிக்கலாம், தோளிலிருந்தும் பிடிக்கலாம். கோணம் மாறாதிருந்தால் பொருத்தமும் மாறாது. காகிதத்தில் இதை வெட்டித் திருப்பி ஒட்டிப் பார்க்க வேண்டும். கணிப்பொறியில் நொடியில் திருப்பலாம். பிடிக்காவிட்டால் நொடியில் பழையபடி ஆக்கலாம்.

மற்றொன்று கைக்குழி வளைவு. கையின் மேல்வளைவின் நீளம், உடற்பகுதியில் உள்ள கைக்குழியின் நீளத்துக்குச் சமமாகவோ சற்றே மிகுந்தோ இருக்க வேண்டும். குறைந்தால் கை ஏறாது. மிகுந்தால் தோளில் கொசுவம் விழும். இரண்டும் வளைகோடுகள், வடிவமும் வெவ்வேறு. முன்பெல்லாம் நாடாவை விளிம்பில் நிறுத்தி, வளைத்து வளைத்து அளப்போம். கணிப்பொறியில் அந்த வளைவை, இரண்டு முனைகளையும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் இரண்டு கைப்பிடிகளையும் கொண்டு வரைகிறோம். நீளத்தை அதுவே சொல்லிவிடும். இந்த வளைகோடுகள் தையலுக்காகப் பிறந்தவை அல்ல. பிரான்சில் சிட்ரோயன் கார்த் தொழிற்சாலையில் கஸ்டெல்ஜோவும், ரெனோ தொழிற்சாலையில் பெசியரும் காரின் உடலை வரைவதற்காக, 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் தனித்தனியே கண்ட முறை அது. காரின் முதுகுக்கு வந்த கோடு என் கடையில் ரவிக்கையின் கைக்குழிக்கு உதவுகிறது.

ஆனால் நான் பெற்ற பெரிய உதவி இவை இரண்டும் அல்ல. கணிப்பொறிக்குக் ‘கொஞ்சம்’ என்ற சொல் விளங்காது. எண் கொடுக்காவிட்டால் கோடு விழாது. ஆகவே மாலைதோறும் அப்பாவை அருகில் இருத்தி, ஒவ்வொரு கொஞ்சத்துக்கும் எண் கேட்டேன். அவர் வெட்டிய பழைய ரவிக்கைகளைத் தையல் பிரித்து அளந்தேன். “இதுவா அந்தக் கொஞ்சம்?” என்று காட்டினால், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, “காலே அரைக்கால் இருக்கும்போல் இருக்கிறதே!” என்று தாமே வியப்பார். அவருக்குக் காலே அரைக்கால் அங்குலம், கணிப்பொறிக்கு 0.375. மீட்டர் அளவைக்குச் சட்டம் 1956-இல் வந்தது. துணியையும் மீட்டரில்தான் வாங்குகிறோம். வெட்டும்போது மட்டும் நாங்கள் இன்னும் அங்குலத்தையும் அரைக்காலையும் விடவில்லை. இப்படி ஏறத்தாழ இருபது ‘கொஞ்சங்கள்’ எண்ணாக மாறின.

இனி, நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். திருமண வீட்டார் ஒருவர், மணப்பெண்ணின் தாயாருக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தார்கள். பட்டுப் புடவையோடு சேர்த்து நெய்த ரவிக்கைத் துணி. அதைக் கெடுத்தால் கடையில் வேறு வாங்க முடியாது. அந்த நிறமும் அந்தக் கரையும் அந்தப் புடவைக்கே உரியவை. வரைபடத்தைச் சிறு சிறு தாள்களில் அச்சிட்டு, ஒட்டி, பட்டின்மேல் வைத்து வெட்டினேன். தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தால் முதுகு இழுத்துப் பிடித்தது. கையைத் தூக்க முடியவில்லை. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருந்தது.

நடந்தது இதுதான். அச்சுப்பொறியில் ‘தாளுக்குப் பொருத்து’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை நான் கவனிக்கவில்லை. அது படத்தை நூற்றுக்கு 96 பங்காகச் சுருக்கிவிட்டது. 36 அங்குலம் 34½ ஆயிற்று. பக்கத் தையலில் எப்போதும் துணி விட்டுத்தான் தைக்கிறோம். அதைப் பிரித்து மார்பைச் சரி செய்துவிடலாம். முதுகின் குறுக்களவை என்ன செய்வது? அங்கே கைக்குழித் தையல் வந்து நிற்கிறது. விட்ட துணி இல்லை. வெட்டிக் குறைக்கலாம், வளர்க்க வழியில்லை.

அப்பா எந்தப் பட்டையும் நேரே வெட்டியவர் அல்லர். முதலில் லைனிங் துணியை வெட்டி, நூலோட்டிப் போட்டுப் பார்த்த பின்பே பட்டில் கத்தரி வைப்பார். கணிப்பொறி வரைந்தது தவறாது என்று நம்பி நான் அந்தப் படியைத் தாண்டிவிட்டேன். வரைந்ததில் தவறில்லைதான், அச்சில் வந்ததை நான் அளக்கவில்லை.

அந்த அம்மையாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஒரு வழிதான் இருந்தது: புடவையின் உள்முனையில், இடுப்பில் செருகி மறைந்துபோகும் பகுதியில், ஒரு முழத்துக்குக் குறையாமல் வெட்டி எடுத்துப் புதிய முதுகு வைப்பது. மகள் திருமணத்துக்கு எடுத்த புடவை. இன்னும் ஒருமுறைகூட உடுத்தவில்லை. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வெட்டும்மா. ஆனால் இந்தத் தடவை உங்கள் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டு” என்றார். அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் கூலி வாங்கவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் 4 அங்குலச் சதுரம் ஒன்றை வரைந்து அச்சிடுகிறேன். கத்தரியை எடுக்குமுன் அதை நாடாவால் அளப்பேன். ஓர் அங்குலச் சதுரம் போதாதோ என்று கேட்கலாம். போதாது. 96 பங்காகச் சுருங்கினால் ஓர் அங்குலத்தில் குறைவது ஒரு மில்லிமீட்டர். அது சாக்குக்கோட்டின் தடிப்பில் மறைந்துவிடும். 4 அங்குலத்தில் 4 மில்லிமீட்டர் குறையும், கண்ணில் படும். லைனிங்கை முதலில் வெட்டும் வழக்கத்துக்கும் திரும்பிவிட்டேன்.

வரவு செலவைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். உங்களில் சிலர் நாளை இத்தொழிலுக்கு வரலாம். கணிப்பொறியால் உடனே வருவாய் பெருகும் என்று எண்ணாதீர்கள். முதல் ரவிக்கையை வரைந்து திருத்த எனக்கு ஒரு மாதத்து இரவுகள் ஆயின; அதற்குக் கூலி தருவார் எவருமில்லை. ஒரே ஒரு முறை வந்து, அளவு ரவிக்கையைக் கொடுத்து, “இதைப்போலத் தையுங்கள்” என்று போகிறவருக்குச் சாக்குக்கட்டிதான் விரைவு. இன்றும் அப்படித்தான் வெட்டுகிறேன். மீண்டும் மீண்டும் வருகிறவர், பல அளவில் ஒரே மாதிரி வேண்டும் பள்ளிச் சீருடை, தொலைவிலிருந்து அளவை எழுதி அனுப்பும் பெண்கள், இவர்களிடத்தில்தான் போட்ட உழைப்பு திரும்புகிறது. சீருடையில் துண்டுகளைத் திரையிலேயே அடுக்கிப் பார்த்துத் துணியை மிச்சம் பிடிக்கலாம். இழை நேராக விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூலி சொல்லும்போது பொறி ஓடும் நேரத்தை மட்டும் கணக்கிடுவது எங்கள் தொழிலின் பழைய குற்றம். அளவெடுப்பது, வரைவது, கொக்கி கட்டுவது, ஹெம்மிங், பிறகு பிரித்துத் திருத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் மணி குறித்து ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட நேரம் பொறிக்கு வெளியிலேயே கழிந்திருந்தது. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியபின் பேரம் சற்றுக் குறைந்திருக்கிறது. முற்றிலும் நின்றுவிடவில்லை, நிற்கவும் வேண்டாம், பேரம் இல்லாவிட்டால் கடையில் பேச்சே இராது.

எல்லாக் ‘கொஞ்சமும்’ எண்ணாக மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோள் சரிவை அப்பா ஆளுக்கு ஆள் மாற்றி வெட்டுவார். அதற்கு என்ன கணக்கு என்று எத்தனையோ முறை கேட்டேன். “அந்தப் பெண் படியேறி வந்தாளே, பார்த்தாயா?” என்பார். வலப்பக்கம் குடம் சுமந்தவருக்கு ஒரு தோள் தாழும். தையற்பொறியிலும் மேசையிலும் குனிந்தே இருப்பவருக்கு முதுகு நீளும், மார்பு குறுகும். நாடாவைப் போட்டவுடன் எல்லாரும் நிமிர்ந்து நின்றுவிடுகிறார்கள். அந்த அளவு நடந்து வந்தவரின் அளவன்று. ஆகவே அவர் நாடாவைத் தொடுமுன்னரே பார்த்து முடித்திருப்பார்.

அப்பா மறைந்து இரண்டு ஆண்டு ஆகிறது. வரைபடத்தில் தோள் சரிவுக்கு நான் இட்டிருக்கும் பெயர் ‘அப்பா கொஞ்சம்’. அதில் 0.375 என்று வைத்திருக்கிறேன். யாரேனும் கடைக்கு வந்தால் நாடாவை எடுக்காமல் சற்று நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணை மாற்றுவதா வேண்டாமா என்று பார்க்கிறேன். சென்ற வாரம் கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். புத்தகப் பையை இடத்தோளிலேயே தொங்கவிட்டிருந்தாள். இடப்பக்கத்துக்கு மட்டும் அதை 0.5 ஆக்கி, லைனிங்கை வெட்டி வைத்திருக்கிறேன். நாளை போட்டுப் பார்க்க வருவாள்.