கொட்டாத குளவி

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குளவி என்றாலே நமக்குப் பயம். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களையும், திரும்பி வராதவர்களையும் நாம் அறிவோம். மலையில் உள்ள கூடுகளை அகற்றித் தரவேண்டியது நிர்வாகத்தின் கடமை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இன்று நாம் பேசுவது இன்னொரு குளவியைப் பற்றி. அது எள்ளளவுதான் இருக்கும். நம்மைக் கொட்டாது.

லயத்துக்குப் பக்கத்தில் போஞ்சி, கோவா போடுகிறோம். குருத்திலும் இலைக்கு அடியிலும் அழுக்கணவன் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். தேயிலையின் இளங்கொழுந்திலும் அது வரும். இந்தச் சின்னக் குளவி அழுக்கணவனின் உடம்புக்குள் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு உள்ளேயிருந்தே அதைத் தின்று வளரும். அழுக்கணவன் உப்பி, பழுப்பு நிறமாகி, இலையிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வரும். இலையில் இப்படி உப்பிய பழுப்பு மணிகளைக் கண்டால் நசுக்காதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். செடியில் எறும்பு ஏறினால் தடுத்துவிடுங்கள். அழுக்கணவன் விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று, குளவியை விரட்டிவிடும்.

நம் தேயிலையின் வரலாற்றிலும் இத்தகைய குளவிக்கு ஓர் இடம் உண்டு. ஒரு காலத்தில் கொழுந்து இலைகளைப் பிணைத்துச் சுருட்டித் தின்னும் புழு இலங்கைத் தோட்டங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. 1935, 1936 ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அது அந்தப் புழுவுக்குள் முட்டையிட்டுப் பெருகியது. புழுவின் தொல்லை அடங்கியது.

பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற கடும் மருந்தை அடித்தார்கள். வண்டுக்கு அடித்த மருந்தில் குளவியும் செத்தது. காவல் போனதும், அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு மறுபடி கிளம்பியது. கடைசியில் அந்த மருந்தையே கைவிட வேண்டியதாயிற்று.

தோழர்களே, புழு கூடினால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நிறுவையில் கிலோ குறையும். அரைப்பேர் விழுவது நமக்குத்தான். மருந்து கூடினால், தொட்டியை முதுகில் சுமந்து அதைச் சுவாசிப்பவர்களும் நாம்தான். ஆகவே எந்த மருந்தை அடிப்பது என்பது துரைமாரின் கணக்கு மட்டுமல்ல, நம் கூலிக்கும் உடம்புக்கும் உரிய விஷயம்.

எல்லாப் பூச்சியையும் குளவியே பார்த்துக்கொள்ளும் என்று நாம் சொல்லவில்லை. மருந்து தேவைப்படும் இடமும் உண்டு. நாம் கேட்பது இவைதான்: எந்த மலைக்கு, என்ன மருந்து, எந்த நாளில் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பூச்சி உள்ள இடத்தில் மட்டும் அடியுங்கள். அடிப்பவருக்குக் கையுறை, முகமூடி, சப்பாத்து, கழுவ சவர்க்காரமும் தண்ணீரும் கொடுங்கள். உரிய நாட்கள் கழியுமுன் அந்த மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பாதீர்கள்.

இந்தக் கோரிக்கைகளை அடுத்த பேச்சுவார்த்தையில் முன்வைப்போம். ஒற்றுமையாக நிற்போம்.