அந்தப் பேய் எந்தத் தெரு?

(ஒரகடத்தில் நடந்த தொழிலாளர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முதல் ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்தவர்கள் பாதிப் பேர் இருக்கிறீர்கள். தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பேசப்போவது பேயைப் பற்றி.

அமெரிக்காவில் திகில் எழுத்தாளர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுப் படைப்புகளில் தொடங்கி, 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர் பெயரில் ஆண்டுதோறும் விருது கொடுக்கிறார்கள். விருது என்றால் கேடயம் அல்ல, கைக்கு அடக்கமான ஒரு பேய் வீடு. அதன் சின்னக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு தகடு, அதில் படைப்பின் பெயரும் எழுதியவர் பெயரும் இருக்கும். நாவலுக்கும் சிறுகதைக்கும் கொடுத்து வந்தவர்கள், 2019 முதல் திகிலைப் பற்றிய குறுங்கட்டுரைக்கும் தனியாகக் கொடுக்கிறார்கள். கற்பனைக் கதைக்கு அல்ல, கட்டுரைக்கு.

2023ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றவர் நாடியா புல்கின், இந்தோனேசிய வேர் கொண்டவர். ஆசியப் பெண்கள் எழுதிய 'அன்குவயட் ஸ்பிரிட்ஸ்' தொகுப்பில் அந்தக் கட்டுரை வந்தது. லத்தா, அமோக் என்ற இரண்டு நிலைகளைப் பற்றியது. திடுக்கிட்டால் தன்வசம் இழப்பது லத்தா, திடீரென்று வெறிகொண்டு தாக்குவது அமோக். காலனிய மருத்துவர்கள் இவற்றைச் சுதேசிகளின் நோய் என்று எழுதி வைத்தார்கள். அதே ஆண்டு நாவலுக்கான விருது டானனாரிவ் டியூவுக்குப் போனது. நிறவெறிக் காலத்து ஃபுளோரிடாவில் ஒரு சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்ட கறுப்பினச் சிறுவனின் கதை அது. ஆக, அவர்களின் பேய்களுக்கும் நிறம் இருக்கிறது, முதலாளி இருக்கிறார்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "நீயும் ஒண்ணு எழுதேன், ஹாஸ்டல் பேய் இருக்குல்ல" என்றார். ஆங்கிலத்தில் வெளிவரும் எழுத்துக்கான விருது அது, அதனால் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் ஆய்வுக்காக இந்தப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சில மாதம் தங்கியிருந்தேன். எந்த விடுதி, எந்தத் தளம் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு தளத்தின் கோடியில் இருந்த பாத்ரூமில் பேய் என்று பேச்சு. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்குமாம். அங்கே ஒரு பெண் செத்தாள் என்றார்கள். காதல் தோல்வி என்றாள் ஒருத்தி. வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்றாள் இன்னொருத்தி. பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு ராத்திரி, படுத்திருந்த ஒரு பெண் எழுந்து உட்கார்ந்து கேட்டாள்: "அந்தப் பேய் எந்த ஆளுங்க?"

யாரும் சிரிக்கவில்லை. சொந்த சாதிக்காரர்களை அது ஒன்றும் செய்யாதாம், அதனால் கேட்டாளாம். காலனிப் பெண் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தப் பாத்ரூம் பக்கம் யாரும் போகவில்லை. பயம் இரட்டிப்பானது, தீட்டும் சேர்ந்துகொண்டது.

எங்கள் அறையில் ஒரு தங்கை இருந்தாள். ஊரைச் சொல்வாள், தெருவைச் சொல்ல மாட்டாள். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குப் பேய் பயமே கிடையாது. "அது நம்ம பொண்ணுதானேக்கா" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். ஆனால் காலையில் நாற்பது பேருக்கு மூன்று பாத்ரூம் என்று வரிசை நிற்கும்போது, காலியாக இருக்கும் அந்தக் கோடிப் பாத்ரூமுக்கு அவளால் போக முடியாது. பேய் உன்னை மட்டும் ஏன் விட்டது என்று கேட்டுவிடுவார்கள். அதனால் பயப்படுவதுபோல நடித்தாள், வரிசையில் நின்று பஸ்ஸைத் தவறவிட்டாள், அரைநாள் சம்பளம் போனது. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் நானும் அதே வரிசையில்தான் நின்றேன். நானும் என் தெருவைச் சொல்லியிருக்கவில்லை.

மலேசியாவின் மின்னணுத் தொழிற்சாலைகளில் இளம் பெண்களுக்குப் பேய் பிடித்ததை ஐஹ்வா ஓங் 1987இல் நூலாக எழுதினார். நிர்வாகம் மந்திரவாதியைக் கூட்டிவந்து பலி கொடுத்தது. லைனின் வேகத்தைக் குறைத்தால் போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நம் பக்கத்தில் 2021 டிசம்பரில் நடந்தது உங்களுக்கே தெரியும். பாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை, வதந்தி என்றது அரசு. சரிதான், வதந்திதான். ஆனால் கூடப் படுத்தவள் எங்கே என்று கேட்டால் பதில் கிடைக்காத இடத்தில்தான் அப்படி ஒரு வதந்தி நிற்கும். ஆலை திறந்தது 2022 ஜனவரி 12 அன்று.

இதையெல்லாம் நாம் எழுதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாமாவின் 'சங்கதி' வந்தது 1994இல். பேய் ஏன் நம் தெருப் பெண்களை மட்டும் பிடிக்கிறது, ஆண்களையும் மேல்சாதிப் பெண்களையும் ஏன் விட்டுவிடுகிறது என்று அதில் நேராகவே கேட்டிருக்கிறார். காட்டிலும் வீட்டிலும் ஓயாத வேலை, அடி, உதை என்று அதற்குக் காரணமும் தேடியிருக்கிறார். திகிலைப் பற்றி இதைவிட நல்ல கட்டுரை எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் அதைத் தலித் தன்வரலாறு என்ற அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். அங்கிருந்து எடுத்து நான் மேற்கோள் காட்டுவேன், மதிப்பெண் வாங்குவேன்.

கட்டுரையை எழுதினேன். அந்தத் தங்கை இப்போது அந்த வேலையில் இல்லை. போனில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவள் சம்மதித்ததால்தான் இங்கேயும் சொல்கிறேன். பேய் வீட்டு விருதைப் பற்றியும் சொன்னேன்.

"கதவைத் திறந்தா யார் பேருக்கா இருக்கும்?"

"எழுதினவங்க பேரு."

"அப்ப உங்க பேரு." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் தெருவ எழுதிட்டீங்க. உங்க தெரு எங்கேயும் வரலியே?" என்றாள்.

வரவில்லை. பதினோரு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. 'ஆய்வாளர்' என்று போட்டிருந்தேன்.

இப்போது முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். செய்யாறு பக்கம் எங்கள் ஊர்க் காலனியில், ஏரிக்கரையை ஒட்டிய இரண்டாவது தெருவிலிருந்து தொடங்குகிறது. வரிசையில் நான் நின்ற காலைவரை இன்னும் வந்து சேரவில்லை.