காய்ச்சலுக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டாம்

(வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் தங்கியுள்ள மலையக மாணவர், இளந்தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்தவர்களும் வேலைக்கு வந்தவர்களும் ஒரே மாதிரித்தான் தங்குகிறோம். வெள்ளவத்தையில் ஓர் அறைக்குள் நாலைந்து கட்டில். கொட்டாஞ்சேனையில் கடைக்கு மேல்மாடியில் பாயோடு பாய். லயக் காம்பராவை விட்டு வந்தும் நெருக்கடி நம்மை விடவில்லை. அந்த நெருக்கடியில் பரவக்கூடிய ஒரு நோயைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

மூளையையும் முண்ணாணையும் சுற்றியுள்ள சவ்வில் ஏற்படும் அழற்சியை மெனிஞ்சைட்டிஸ் என்கிறார்கள். பல கிருமிகளால் இது வரும். அவற்றில் மெனிங்கோகொக்கஸ் என்னும் பக்டீரியா மிக வேகமானது. 24 மணி நேரத்துக்குள்ளேயே உயிரைப் பறிக்கக்கூடியது. இருமல், தும்மல், எச்சில் வழியாக, நெருங்கிப் பழகுவோரிடையே பரவும். 2023 ஆகஸ்டில் காலி சிறைச்சாலையில் கைதிகள் இறந்தபோது இந்தக் கிருமியின் பெயர் நாடெங்கும் கேட்டது. வெளிநாடுகளில் பல்கலைக்கழக விடுதிகளிலும் பரவியிருக்கிறது. சிறையோ விடுதியோ, கிருமிக்கு வேண்டியது நெருக்கம்தான்.

பக்டீரியாவால் இந்நோய் வந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிழைப்பவர்களிலும் ஐந்து பேருக்கு ஒருவர் காது கேளாமை, வலிப்பு போன்ற பாதிப்போடு வாழ நேரிடுகிறது.

அடையாளங்களை மனதில் வையுங்கள்: திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், தடுமாற்றமான பேச்சு, எழுப்பினாலும் எழாத மயக்கம். தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றலாம். கண்ணாடிக் குவளையை அழுத்திப் பார்த்தும் மறையாவிட்டால் ஆபத்து. நமது நிறத்தில் அவை இலேசில் தெரியா. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் பாருங்கள். புள்ளி வரும்வரை காத்திருக்கவும் கூடாது.

கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு என்று நினைத்து, பரசிட்டமோல் குடித்துவிட்டு மூன்றாம் நாள் இரத்தம் சோதிப்போம் என்று படுத்துவிடுகிறோம். மேற்சொன்ன அடையாளங்கள் இருந்தால் அந்த மூன்று நாள் உயிருக்கு விலையாகும். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். வெள்ளவத்தைக்குக் களுபோவில வைத்தியசாலையும், கொட்டாஞ்சேனைக்குத் தேசிய வைத்தியசாலையும் அருகில் உள்ளன. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் முடமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். நோயை உறுதிசெய்யும் சோதனை அதுதான்.

ஒருவருக்கு நோய் உறுதியானால், அறைத் தோழர்கள் ஓடி ஒளியக் கூடாது. சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரியவேண்டும். கூட இருந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன் அதைப் பெறுங்கள்.

2008 முதல் நமது குழந்தைகளுக்குப் போடப்படும் ஐந்துநோய்த் தடுப்பூசி, இந்நோயை உண்டாக்கும் ஹிப் கிருமியைத் தடுக்கிறது. ஆனால் அது மெனிங்கோகொக்கஸைத் தடுக்காது. அதற்கான ஊசி வேறு. வசதியுள்ளவர்கள் வைத்தியரிடம் கேளுங்கள். எல்லோரும் செய்யக்கூடியது: ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஒரே குவளையிலும் ஒரே சிகரட்டிலும் வாய் வைக்காதீர்கள்.

கடை முதலாளிமாரிடமும் விடுதிச் சொந்தக்காரரிடமும் நாம் கேட்பது இதுதான்: காய்ச்சல்காரரை வைத்தியசாலைக்குப் போகவிடுங்கள், அந்த நாள் சம்பளத்தை வெட்டாதீர்கள், காற்று வரும் அறையைக் கொடுங்கள். சம்பளம் வெட்டுப்படும் என்ற பயத்தில் எந்தப் பிள்ளையும் பாயில் சுருண்டு கிடக்கக் கூடாது. பக்கத்துப் பாயில் கிடப்பவரைத் தட்டி எழுப்பிப் பார்ப்பதும் சங்க வேலைதான்.