துலாவின் எஃகும் கஸ்லியின் இரும்பும்

ரஷ்யாவில் இரும்பை அணிகலன்போல இழைத்தவர்கள் யார் தெரியுமா? ஓர் ஊரில் துப்பாக்கிக் கொல்லர்கள், இன்னோர் ஊரில் சட்டி வார்த்தவர்கள்.

மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ளது துலா. 1712இல் மன்னர் பீட்டரின் ஆணைப்படி அங்கே அரசு ஆயுதச்சாலை தொடங்கியது. துப்பாக்கி விசையில் தேர்ந்த கைகள் நாற்காலி, சதுரங்கக் காய், நகைப்பெட்டி என்று எஃகிலேயே செய்து பார்த்தன. சின்னஞ்சிறு எஃகுக் குமிழ்களைத் தனித்தனியாகப் பட்டை தீட்டி, துளையிட்ட தகட்டில் ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது வைரமாய்ச் சுடர்விடும். தகட்டின் நீல நிறம் சாயமல்ல. பதமாகச் சூடேற்றியே அந்த நிறத்தை வரவழைத்தார்கள். பேரரசி காதரின் இவற்றை விரும்பி வாங்கினார். ஆனால் அரண்மனை ஆதரவு குறைந்து, நெப்போலியன் போர்க்காலத்தில் துப்பாக்கித் தேவை பெருகியதும் அந்தக் கலை ஒடுங்கிவிட்டது. அந்த எஃகு வேலைப்பாடுகளை இன்று ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

யூரல் மலைப்பகுதியின் கஸ்லி கதையே வேறு. 1747இல் தோன்றிய ஆலை அது. சட்டி, கொப்பரை வார்த்துப் பிழைத்தது. பிறகுதான் சிலைக்கு வந்தது. குதிரைச் சிலை என்றால், மூலச்சிலையைச் சுற்றி நுண்மணலைத் துண்டு துண்டாக இறுக்கி, உடையாமல் எடுத்து, மறுபடி கூட்டி அச்சாக்குவார்கள். வார்த்தபின் அரமும் உளியும் பிடித்த செதுக்குநர் ஒட்டுவரிகளைச் சீவி, பிடரிமயிரை இழை இழையாக எழுப்புவார். கடைசியில் கறுப்புப் பூச்சு. அந்தக் கறுப்பில்தான் கஸ்லியின் கம்பீரம்.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு அவர்கள் அனுப்பியது ஒரு மண்டபம். முழுக்க வார்ப்பிரும்பு; பறவையும் கொடியுமாகச் சல்லடை வேலை. வரைந்தவர் பாம்கார்ட்டன். உயரிய பரிசு கிடைத்தது. பிறகு பிரித்துப் போட்ட துண்டுகளில் பல காணாமல் போயின. கஸ்லிக்காரர்களே அவற்றை மறுபடி வார்த்துக் கொடுக்க, 1958இல் யெகாதெரின்பர்க்கில் மண்டபம் மீண்டும் எழுந்தது.

துலாவின் நுணுக்கம் வியக்கவைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டு கஸ்லிக்கே. அரசியை நம்பிய வேலை அரசியோடு போயிற்று. சட்டி வார்த்த ஊரிலோ இன்றும் சிலை வார்க்கிறார்கள்.