தொப்பியில் இருந்த தூண்



ராணுவச் சீருடை பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் ஒரே ஒரு தொப்பிச் சின்னத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். என் ஆய்வேட்டில் அதை அடிக்குறிப்பாக ஒதுக்கி வைத்திருந்தேன், தவறு என்னுடையது.

1941இல் உருவான மகர் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் பீமா கோரேகான் தூண் இருந்தது. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிச் சிப்பாய்களின் நினைவுத்தூண் அது. அதில் ‘நாக்’ என்று முடியும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். ஊர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய மகர்கள் அவர்கள்.

அதற்காக வெள்ளைக்காரனை வள்ளலாக்கிவிட வேண்டாம். 1890களில் ‘போர்க்குடி’ என்றொரு கோட்பாட்டைச் சொல்லி, இதே மகர்களுக்குப் படையின் கதவை அடைத்தான். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்தவர். அடுத்த தலைமுறைக்கு அந்த வழி இல்லை. உலகப்போருக்கு ஆள் வேண்டியிருந்தபோது, 1917இல், 111ஆவது மகர் படைப்பிரிவு வந்தது. போர் முடிந்தபின் 1921இல் அதையும் கலைத்தார்கள். சட்டையைக் கொடுத்தவனே பிடுங்கிக்கொண்டான்.

இன்றைய சின்னத்தில் தூண் இல்லை. அந்த இடத்தில் குத்துவாள். ஆனால் அம்பேத்கர் 1927இல் போய் நின்ற அந்தத் தூணுக்கு, ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் மக்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.