உப்பளக் கரையில் ஓர் இரவு

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் நான் ஆரம்ப ஜெபத்துக்கு எழுந்து நின்று, முடிந்ததும் போய் உட்கார்ந்துகொள்பவன். இந்த வருடம் கண்காணிப்பாளர் அம்மா, "ஐயா, உங்கள் சைக்கிள் பிரயாணத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுங்கள்" என்றார்கள். சிரித்துக்கொண்டே கேட்டார்கள். விஷயம் எல்லா வார்டுகளுக்கும் போய்விட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். ஆகவே மறைப்பதற்கு ஒன்றுமில்லை, உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

2025 மே மாதம் 10-ஆம் தேதி, சனிக்கிழமை. அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. நம்முடைய மருத்துவமனைப் பிள்ளைகள் ஆறு பேர், ஆரோவில் பக்கத்திலிருந்து அவர்களுடைய நண்பர் ஒருவர், நான். ஆக எட்டுப் பேர். ஆரோவிலில் புறப்பட்டு, மரக்காணம் உப்பளக் கரையில் இரவு தங்கி, மறுநாள் திண்டிவனம் வழியாகச் செஞ்சி மலைக்குப் போய் ஏறிவிட்டுத் திரும்புவது என்பது திட்டம். ஞாயிறு ஆராதனையை ஓய்வு பெற்ற போதகர் ஒருவர் நடத்த ஒப்புக்கொண்டார். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அறுபத்து நான்கு வயதில், மே மாதத்தில், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது தேவையா என்று கேட்டாள். நான் 1980-களில் ஏழு சபைகளைச் சைக்கிளிலேயே சுற்றிவந்தவன் என்பதை அவளுக்கு நினைவூட்டினேன். அப்போது உங்களுக்கு வயது என்ன என்று திருப்பிக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த விதமான பிரயாணத்துக்குப் 'பைக்பேக்கிங்' என்று பெயராம். பின்னால் இரும்புக் கேரியர் வைத்துச் சாமான் கட்டுவதில்லை. கைப்பிடியிலும், நடுச் சட்டத்துக்குள்ளும், சீட்டுக்குக் கீழும் பைகளை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். கரடுமுரடான மலைப்பாதையில் கேரியர் ஆடும், திருகாணி கழன்று விழும். பைகள் அப்படி ஆடுவதில்லை. இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு என்றே நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. 1897-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலிருந்து கறுப்பினச் சிப்பாய்கள் இருபது பேர், 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்தவர்கள், ராக்கி மலைகளைக் கடந்து செயின்ட் லூயிஸ் நகரம் வரை 1,900 மைல் தூரத்தைச் சைக்கிளில் 41 நாட்களில் முடித்தார்கள். ஜூன், ஜூலை மாதக் கோடை அது. போர்வை, கூடாரத் துணி, உணவு எல்லாமே சைக்கிளில்தான். அவர்களுடன் ஒரு மருத்துவரும் போனார். நெப்ராஸ்காவின் மணற்பிரதேசத்தில் உவர்த் தண்ணீரைக் குடித்து அவர்களில் பலர் நோயில் விழுந்தார்கள். இந்தச் சரித்திரத்தைப் புறப்படுவதற்கு முந்தின வாரம் நானே பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருக்கவேண்டும் என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரோவிலின் செம்மண் பாதைகளில் சைக்கிள் விடுவது ஒரு தனிச் சந்தோஷம். 1968-இல் அந்த நகரம் தொடங்கப்பட்டபோது அது மரமற்ற மேடு. ஒவ்வொரு மழையும் செம்மண்ணைக் கடலுக்கு வாரிக்கொண்டு போய், ஆள் உயரத்துக்குமேல் ஓடைகளை அறுத்திருந்தது. அங்கே வந்தவர்கள் வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தி, மரம் வைத்து வளர்த்தார்கள். இன்று அந்த நிழலில் நாலு மணி வெயிலே தெரியவில்லை. பொம்மையார்பாளையத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கியதும்தான் மே மாதம் என்பது தெரிந்தது. காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை என்று போய்க்கொண்டே இருந்தோம். எதிர்க்காற்று. எனக்கு முன்னால் போன நர்ஸ் பிள்ளை அடிக்கடி திரும்பிப் பார்த்து, "ஐயா, வரீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அது ஒன்றுதான் எரிச்சலாக இருந்தது.

மரக்காணத்தை நெருங்கும்போது வெளிச்சம் சாய்ந்துவிட்டது. மேற்கே கழுவெளி ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதன் வாய்ப்பக்கம் உப்பளங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு. கீற்றால் மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக நிற்கின்றன. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முந்தின நிலா எழும்பியபோது பாத்தி ஒவ்வொன்றிலும் ஒரு நிலா தெரிந்தது. பிள்ளைகள் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அவர்களுக்கு ராஜாஜியைப் பற்றிச் சொன்னேன். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளினார். சித்திரை வெயிலில் 150 மைல். அவர்களுக்கு அன்னமும் தண்ணீரும் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று அரசாங்கம் மிரட்டியும், வழிநெடுக ஜனங்கள் மறைவாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சொல்லி முடித்துப் பார்த்தால் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. புழுக்கம். எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தேன்.

காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். நிலா மேற்கே தாழ்ந்திருந்தது. உப்பளத்துக்கு இறங்கும் பாதையின் முனையில் பெண்கள் ஏழெட்டுப் பேர் தூக்குப் பாத்திரங்களோடு நின்றார்கள். வெயில் ஏறுமுன் வாரிவிட வேண்டும் என்று அந்நேரமே வேலைக்கு இறங்குகிறார்கள். அவர்களில் ஒரு அம்மா என்னை உற்றுப் பார்த்து, "நீங்க ஆஸ்பத்திரி ஐயாதானே?" என்று கேட்டார்கள்.

எனக்கு முகம் உடனே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. நாலு வருடங்களுக்கு முன் சிறுநீரகக் கல்லோடும் காய்ச்சலோடும் நம்முடைய பெண்கள் வார்டில் ஒன்பது நாள் இருந்தவர்கள். தினமும் கட்டிலருகே நின்று ஜெபித்திருக்கிறேன். அதோடு ஒருநாள், "தண்ணீர் குடிக்கக்கூடச் சோம்பலா அம்மா? உங்கள் உடம்பை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்களே" என்று கொஞ்சம் கடிந்தும் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா அன்றைக்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள்.

"சைக்கிள்ல செஞ்சிக்கா? இந்த வெயில்லயா?" என்று எல்லாருமாகச் சிரித்தார்கள். அந்த அம்மா தூக்கைத் திறந்து கேழ்வரகுக் கூழை மூடியில் ஊற்றி, இடுப்பு முடிச்சிலிருந்து கல் உப்பை எடுத்து இன்னும் கொஞ்சம் போட்டு நீட்டினார்கள். நான் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றேன். உண்மையில் அது மிகவும் கரித்தது. பைகளில் தொங்கிய என் தண்ணீர்ப் பாட்டில்களைப் பெருமையாகக் காட்டினேன். அவர்கள் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "வெறும் தண்ணியா குடிக்காதீங்க ஐயா. நாங்க உப்புக்குள்ளயே நிக்கிறோம், எங்களுக்கே உப்பு போட்டுக் குடிச்சாத்தான் காலு நிக்குது" என்றார்கள்.

திண்டிவனத்தில் மற்றவர்கள் இட்லி, வடை என்று சாப்பிட்டார்கள். எனக்கு வயிறு மந்தமாக இருந்தது. இரண்டு வாழைப்பழமும் ஒரு பாட்டில் தண்ணீருமாக எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்கு ஞாபகமில்லை. தலை கனத்தது. தொடைச் சதை இழுத்துப் பிடித்தது. தாகம் என்று நினைத்து இன்னும் குடித்தேன். செஞ்சிக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, "இன்றைக்கு யார் பிரசங்கம்?" என்று கேட்டேனாம். அடுத்து வாந்தி எடுத்துவிட்டுச் சாய்ந்துவிட்டேன்.

வெயில் தாக்கிவிட்டது, தண்ணீர் கொடுங்கள் என்று எல்லாரும் பாட்டிலோடு ஓடிவந்தார்கள். நம்முடைய இளம் டாக்டர்தான் தடுத்தார். என் நாக்கு ஈரமாக இருந்தது. கல்யாண மோதிரம் விரலில் இறுகிப் போயிருந்தது. "நேற்று ராத்திரியிலிருந்து எத்தனை பாட்டில் குடித்தார்?" என்று கேட்டு எண்ணச் சொன்னார். ஆறு லிட்டருக்கு மேல் வந்தது. உடனே வந்த வண்டியை நிறுத்தி, கிட்டத்தில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் சோடியம் 135-க்குக் குறையாமல் இருக்கவேண்டும். எனக்கு 124.

இது என்ன வியாதி என்று கேட்பீர்கள். வியர்வையில் உப்புப் போகிறது. போன உப்பை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரையே தேவைக்கு மேல் ஊற்றினால், இருக்கிற கொஞ்ச உப்பும் நீர்த்துப் போய் மூளை வீங்க ஆரம்பிக்கிறது. நான் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையும் உப்பை வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு இப்படி நேர்வதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 1985-இலேயே எழுதியிருக்கிறார். மிஞ்சினால் வலிப்பு, மரணம். சிகிச்சையையும் அவசரப்படக்கூடாதாம், சோடியம் வேகமாக ஏறினால் அதுவும் மூளைக்கு ஆபத்து. ஆகவே இரண்டு நாள் கட்டிலில், கையில் ஊசியோடு கிடந்தேன். நாற்பது வருடம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கு இந்தப் பக்கம் புது அனுபவம். ஜெபிக்க வருகிறவர் சீக்கிரம் ஜெபத்தை முடித்தால் நல்லது என்று நோயாளிக்குத் தோன்றும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

செஞ்சி மலைக்கு மற்றவர்களில் நாலு பேர் மறுவாரம் போய் ராஜகிரி ஏறிவந்தார்கள். நாங்கள் போகத் தவறிய இரண்டாம் மாதம், அதாவது 2025 ஜூலையில், அந்தக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. எனக்கு இன்னும் அது பாக்கி.

ஜூன் மாதக் கடைசியில் அந்த அம்மாவைப் பார்த்து நன்றி சொல்ல மரக்காணம் போனேன். பஸ்ஸில்தான். துணைக்கு அந்த நர்ஸ் பிள்ளையும் வந்தாள். "அடடா, நான்தான் சொன்னேனே ஐயா" என்று அந்த அம்மா வருத்தப்பட்டார்கள். நான் டீக்கடைப் பக்கம் நின்றேன். பெண்கள் தங்களுக்குள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் நர்ஸ் பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "ஐயா, அங்க மறைவே கிடையாது. ஒரு மரம் கூட இல்ல. காலையில இறங்கினா மத்தியானம் வரைக்கும் ஒதுங்க இடமில்ல. அதனாலதான் அவங்க யாருமே தண்ணி குடிக்கறதில்ல. கூழு மட்டும்தான்."

எனக்கு வார்டில் அந்த அம்மா தலையை ஆட்டிய விதம் ஞாபகம் வந்தது. ஒரு ஆண்பிள்ளையிடம், அதுவும் போதகரிடம், இதை எப்படி அவர்கள் சொல்லியிருக்க முடியும்? கேட்டறியாமல் கடிந்துகொண்டேனே. அன்றைக்கே நம்முடைய நர்ஸ் அம்மா ஒருவரை அருகில் உட்கார்ந்து பேசச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகு விசாரித்துப் படித்தேன். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் முந்நூறு பேருக்கு மேல் பரிசோதித்து 2023-இல் வெளியிட்டிருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்கிறார்கள்; நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருக்கிறது. கழிப்பிடம் இல்லாத குறையையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்காக 2022 முதல் அரசாங்கம் 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் மே மாதத்துப் பகலுக்கு அது உதவாது.

கேட்டவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று ஒன்றைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை ருசிக்காக அல்ல. குடல் உப்பை உள்ளே இழுக்க அது தேவை. 1971-இல் வங்க தேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இப்படிப்பட்ட கரைசலைத்தான் டிரம்மில் கலக்கி, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் மாத்திரம் டாக்டரைக் கேட்டுக் குடியுங்கள். என்னைப் போலத் தாங்களாகத் தீர்மானிக்க வேண்டாம்.

இப்போது மாதம் ஒருமுறை நம்முடைய நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த உப்பளக் கரைக்குப் போகிறார்கள். நான் போவதில்லை, நான் நின்றால் அவர்கள் பேசமாட்டார்கள். ஒரு உப்பளக்காரர் தன் பாத்திகளின் ஓரம் மறைப்புக் கட்ட இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றொருவர் இன்னும் யோசிக்கிறார். அந்த அம்மா போன வாரம் ஒரு துணிப்பையில் கல் உப்புக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். என் மனைவி அதை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள். அடுத்த மே மாதம் செஞ்சிக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

பின்னால் டீ ஆறுகிறது என்று சைகை காட்டுகிறார்கள்.