பட்டியலில் மூன்று புள்ளிகள்



கைப்பேசியிலும் கணினியிலும் நாம் தொட்டுத் தெரிவு செய்யும் கட்டளைகளின் வரிசையை மெனு என்கிறோம். தமிழில் பட்டியல் எனலாம். அங்கே சொற்களோடு குறிகளும் நிற்கின்றன. சிறு முக்கோணம் உள்ளே இன்னொரு பட்டியல் உண்டு என்கிறது. மங்கிய எழுத்து அக்கட்டளை இப்போது செல்லாது என்கிறது. மூன்று புள்ளிகள், கட்டளை நிறைவேறுமுன் மேலும் ஒரு விவரம் கேட்கப்படும் என்கின்றன.

குறியால் பொருள் உணர்த்துவது தமிழுக்குப் புதிதன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்தது. எகர ஒகரக் குறில்களுக்கும் அன்று புள்ளியே அடையாளம். ஓலைகளில் அப்புள்ளி பெரும்பாலும் இடப்படாமையால், குறிலா நெடிலா எனப் படிப்பவரே உய்த்துணர நேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தார்.

அதுபோன்றதொரு மயக்கம் இன்று திரையில் எழுந்துள்ளது. இடம் போதாதபோது சொல்லின் கடைப்பகுதியை வெட்டிவிட்டு, அங்கும் அதே மூன்று புள்ளிகளை இடுகின்றனர். மலாயில் தடைச்சொல் முன்னே நிற்கும். அழிக்காதே எனப் பொருள்படும் ‘ஜாங்ஙான் பாடாம்’ என்பதன் இறுதியை வெட்டினாலும் தடை எஞ்சும். ஆங்கிலமும் அவ்வாறே. தமிழிலோ இலக்கணத்தின் சுமையைச் சொல்லின் இறுதியே தாங்குகிறது. ‘அமைப்புகள்’ என்னும் பெயரை வெட்டினால் ‘அமை…’ என்று ஏவல்வினை ஆகிவிடுகிறது.

என் தமக்கையாரின் கைப்பேசியில் ஒருநாள் இரண்டு பொத்தான்கள் தோன்றின. ஒன்று ‘அழிக்கவும்’, மற்றொன்று ‘அழிக்க வேண்டாம்’. திரையில் இரண்டுமே ‘அழிக்க…’ என்றே தெரிந்தன. அவர் ஒன்றைத் தொட்டார். மறைந்த என் அத்தானின் படங்கள் சில மீளவில்லை. மறுநாளே கைப்பேசியை மலாய்க்கு மாற்றிக்கொண்டார். அவரைத் தமிழ்ப்பற்று இல்லாதவர் என்று யார் சொல்ல முடியும்?

நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கினார். பின்னர் அவரது செல்லினம் கைப்பேசியில் தமிழ் எழுத வழி திறந்தது. எழுதும் தடை பெரிதும் நீங்கியது. தெரிவு செய்யும் தடை எஞ்சியிருக்கிறது.

அதற்கு மூன்று செய்க. தமிழ்ச் சொல்லை வெட்டாமல் இரண்டாம் வரிக்கு மடக்குக. எதிரெதிரான கட்டளைகளுக்கு முதலெழுத்திலேயே வேறுபடும் சொற்களைத் தேர்க. ‘அழி’, ‘வைத்திரு’ என்றால் மயக்கமில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் வெறும் சொற்பட்டியலைத் தராமல், அச்சொல் நிற்கப்போகும் திரையையும் காட்டுக.

பற்றை மட்டும் நம்பித் தமிழை அங்கே நிறுத்த இயலாது. தொடும் விரல் தயங்காதிருந்தால்தான் தமிழ் அங்கே நிலைக்கும்.